லைன்ல நின்னது போதும்

போன்ல எட்டிப் பாத்ததுக்குத் தப்பா நெனைக்காதீங்க அம்மிணி. சன்னலோரம் நீங்க உக்காந்திருக்கீங்க, வெளிய பாக்கலாம்னு திரும்புனா உங்க போனுதான் கண்ணுல படுது. அந்தப் பார்க்குதானே அது? வாசல்ல பெரிய மீனு வாயைத் தொறந்துட்டு நிக்குமே, அதேதான். லீவுக்குக் கொழந்தைகளைக் கூட்டிட்டுப் போறீங்களாக்கும். போயிட்டு வந்தவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு பாக்கறீங்க. பாக்கோணும், பாக்காமப் போகக் கூடாது. கடலுக்கடியில கப்பல் போற மாதிரி ஒரு ரைடு இருக்குதே, அதுக்கு என்ன போட்டிருக்காங்க, படிங்க கேப்போம்.

ஒருத்தர் அருமைங்கறார். ஒருத்தர் தண்டம்ங்கறார். இந்தம்மா என்ன எழுதியிருக்காங்க? 'லைன்ல நின்னே பாதி உசுரு போச்சு.' பாத்தீங்களா. இந்தம்மா ஆருன்னு தெரியாது, ஆனா இவங்க சொல்றதுதான் நெசம். அந்த லைன்தாங்க எங்க குடும்பத்தையே கெடுத்துச்சு.

சும்மா சொல்லலீங்க. எனக்குக் கோபிப் பக்கம், சுலோச்சனான்னு பேரு. கோயமுத்தூருக்கு ஒரு சோலியாப் போறேன், அது என்னன்னு அப்பறம் சொல்றேன். இந்த பஸ்ஸு போற போக்கைப் பாத்தா சொல்லி முடிக்கறதுக்கு நேரம் இருக்கும்னுதான் தோணுது. எங்க ஆள் கை காட்டுனாலும் நிக்கறான். பாயிண்ட் டு பாயிண்ட்டுன்னு போர்டு மட்டும் மாட்டி வெச்சிருக்கான்.

எனக்கு ஒரே பையன். நவநீதன். பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கான். பொழுது போன பொறகுதான் அவனுக்கு வேலையே ஆரம்பிக்கும், அமெரிக்காக்காரனுக்கு அப்பத்தான் விடியுமாம். மருமக தாரணி, பல்லடத்துப் பொண்ணு. பேங்குல வேலை. இவ காலையில கெளம்பிப் போறப்ப அவன் படுக்கறான், இவ வந்து படுக்கறப்ப அவன் எந்திரிச்சு உக்காருறான். இருந்தும் நல்லாத்தான் இருந்தாங்க. ஞாயித்துக்கெழமை ஆனா ரெண்டு பேரும் சேந்து போன் பண்ணுவாங்க. இவ ஒண்ணு சொல்லுவா, அவன் பக்கத்துல இருந்து அதை மாத்திச் சொல்லுவான், ஒரே சிரிப்பாக் கெடக்கும்.

அப்பறம் அவளுக்கு வகுத்துல தங்குன கொழந்தை நிக்கலைங்க. அஞ்சாவது மாசம். ஆஸ்பத்திரியில சேத்துன அன்னைக்கு இவனுக்கு ஆபீசுல தலை போற வேலை. கூட்டிட்டுப் போனான், சேத்துனான், எல்லாம் செஞ்சான். செஞ்சு போட்டு வெளிய வராந்தாவுல போனைக் காதுல வெச்சுட்டு நின்னிருக்கான். உள்ள அவ தனியா இருந்திருக்கா. நர்சு வந்து கூப்புட்டப்ப, ஒரு நிமிசம்னு கையைக் காட்டுனானாம். அவ்வளவுதான் நடந்தது. வேணும்னு செய்யறவன் இல்லீங்க எம் பையன், நான் பெத்தவ, எனக்குத் தெரியாதா.

சேதி கேட்டதும் நான் கெளம்பிப் போயிட்டேன். ஒரு மாசம் கூட இருந்து பூண்டுக் கொழம்பும் கஞ்சியும் வெச்சுக் குடுத்தேன். அவ சொவத்தைப் பாத்துட்டே உக்காந்திருப்பா. திடீர்னு ஆரம்பிப்பா, "அத்தை, அன்னைக்கு உள்ள என்ன நடந்துச்சுன்னா"ன்னு. நான் பேச விடமாட்டேன். அதைப் பேசிப் பேசித்தான் கண்ணு ஒடம்பு கெட்டுப் போகும், மறந்து போட்டு அடுத்ததைப் பாக்கோணும்னு சொல்லுவேன். நல்ல பொண்ணு, சொன்னாக் கேட்டுக்குவா. கொஞ்ச நாள்ல அந்தப் பேச்சையே எடுக்கறதில்லை. எங்கிட்ட மட்டுமில்லை, அவங்கிட்டயும்தான்.

ஆனா பாருங்க, அதோட மத்த பேச்சும் நின்னு போச்சு. ஞாயித்துக்கெழமை போன் பண்ணுனா அவன் தனியா பேசறான். தாரணி எங்கன்னா, இருக்கறாங்கறான். அவளுக்குப் பண்ணுனா அவரைக் கேட்டுக்கங்க அத்தைங்கறா. போய்ப் பாத்தா, சோறு திங்கறப்பக்கூட ஆளுக்கொரு போனை தட்டத்துக்குப் பக்கத்துல வெச்சுட்டு உக்காந்திருக்காங்க. சண்டை போட்டாக்கூட மனசு ஆறும். அதுவும் இல்லை. எனக்கு அந்த ஊட்டுல உக்காரவே முடியலீங்க. எந்திரிச்சு எந்திரிச்சு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துட்டே இருந்தேன்.

அப்பத்தான் பக்கத்து ஊட்டுக்காரி அந்தப் பார்க்கைப் பத்திச் சொன்னா. நாந்தான் ஏற்பாடு பண்ணுனேன். எல்லாரும் போறோம்னுட்டேன். எங்கூட்டுக்காரர் வேலுச்சாமி, அவர் எப்பவும் ஒரு அட்டாதுட்டிதான், எதையும் கண்டுக்க மாட்டார், சின்னஞ்சிறுசுக மட்டும் போகட்டுமே, நாம எதுக்குன்னார். நாம போகலீன்னா அதுக அப்பறம் போகலாம்னு ஊட்டுலயே படுத்துக்கும்னு சொல்லி அவரையும் கெளப்புனேன்.

பார்க்கு நல்லாத்தான் இருந்துச்சு, அதைக் கொறை சொல்ல மாட்டேன். சுத்தமா வெச்சிருக்காங்க. ஆனா எங்க பாத்தாலும் நிக்கோணும். டிக்கெட்டுக்கு நிக்கோணும், பையைச் சோதிக்கறதுக்கு நிக்கோணும், தண்ணி குடிக்கறதுக்கு நிக்கோணும். அந்தக் கப்பல் ரைடுக்குக் கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். இரும்புக் கம்பி போட்டு, இந்தப் பக்கம் போயி, திரும்பி, அந்தப் பக்கம் போயி, மறுபடி திரும்பின்னு லைனு மடிஞ்சு மடிஞ்சு கெடக்குது. மேல தகரக் கூரை. ரைடுக்குள்ள போனு கொண்டு போகக் கூடாதுன்னு லைனுக்கு முந்தியே ஒரு பெட்டியில வாங்கி வெச்சுப் பூட்டிட்டாங்க. நவநீதன் போனைக் குடுக்கறப்ப அவன் மொகத்தைப் பாக்கோணுமே.

எங்களுக்கு வயசாச்சு, ஆடுற நாக்காலியெல்லாம் வேண்டாம்னு நானும் எங்கூட்டுக்காரரும் கம்பிக்கு வெளிய ஒரு பெஞ்சுல உக்காந்துட்டோம். அவர் உக்காந்தா உக்காந்ததுதான். என்னால முடியுமா? லைனு நகர்ற மாதிரியே தெரியலை. எந்திரிச்சுப் போயி, ரைடு முடிஞ்சு வெளிய வர்ற கதவுகிட்ட நின்னுட்டேன். இத்தன நேரம் நிக்கறதுக்கு உள்ள என்னதான் இருக்குதுன்னு தெரிஞ்சுக்கோணுமில்ல. வந்தவங்களையெல்லாம் கேட்டேன். கரூர்க்காரர் ஒருத்தர், நல்ல தாட்டியான ஆளு, காசுக்குப் புடிச்ச கேடும்மான்னுட்டுப் போறார். காலேஜுப் புள்ளைங்க கும்பலா வந்துதுக, ஆன்ட்டி சூப்பர் ஆன்ட்டின்னு சொல்லிட்டு மறுபடியும் லைன் கடைசிக்கு ஓடுதுக. ஒரு அம்மாவுக்குப் பேச்சே வரலை, வாயைப் பொத்திட்டு ஓரமாப் போயிருச்சு. இன்னொரு பெரியவர் சொன்னார், உள்ள போனதும் கண்ணை மூடிட்டேன், ஏசி நல்லா இருந்துச்சுன்னு. ஆளுக்கொண்ணு சொன்னா நான் எதை நம்பறது? ஆனா ஒண்ணு மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னாங்க. லைன்ல நிக்கறதுதான் கொடுமைன்னு.

எதுக்கு இந்த பஸ்ஸை நிறுத்தறான்? ஆரும் எறங்கக் காணோம், ஏறக் காணோம். டீ குடிக்கப் போறானோ என்னமோ. இல்லை, டிக்கெட்டுப் போட்டுட்டிருக்கான். சரி.

எங்க விட்டேன்? லைனு. மடிஞ்சு மடிஞ்சு வர்றதுனால, போனவங்க கொஞ்ச நேரங்கழிச்சு நம்ம பக்கமாத்தான் திரும்பி வருவாங்க. மொதத் தடவை இவங்க ரெண்டு பேரும் கம்பியோரமா வந்தப்ப, அவன் ஒரு பக்கம் பாக்கறான், அவ ஒரு பக்கம் பாக்கறா. நடுவுல இன்னொரு ஆள் நிக்கற அளவுக்கு எடம். போனும் இல்லை, பாவம், கையை எங்க வெக்கறதுன்னு தெரியாம நிக்கறான். அடுத்த தடவை வந்தப்ப அவ கைப்பை இவன் தோள்ல தொங்குது. அவ என்னமோ சொல்றா, இவன் குனிஞ்சு கேக்கறான். பின்னால கூட்டம் நெருக்குதுல்ல, அதனால பக்கத்துல வந்துட்டாங்க போலன்னு நெனச்சேன். அதுக்கடுத்த தடவை லைனு நகந்து போச்சு, இவங்க நகரலை. பின்னால இருக்கறவன் போங்க போங்கன்னு சொன்ன பொறகுதான் அடியெடுத்து வெக்கறாங்க. அவதான் பேசிட்டே இருக்கா. அவன் வாயைத் தொறக்கலை.

எங்கூட்டுக்காரரும் அதைப் பாத்துட்டுத்தான் இருந்தார். பாத்துட்டு, சித்த நேரம் அந்தப் பக்கம் போகாத, பேசட்டும் விடுன்னார். பேசறதுக்கு ஊட்டுல எடமில்லையா? இந்த வேக்காட்டுல நின்னுட்டா பேசோணும்?

அப்பறம் அவங்க மறுபடி எங்க பக்கமாத் திரும்புனாங்க. பாத்தா, தாரணி அழுதுட்டு நிக்கறா. சத்தமெல்லாம் இல்லை. கண்ணுல தண்ணி பாட்டுக்கு எறங்குது. இவன் கம்பியை இறுக்கிப் புடிச்சுட்டு தலையைக் குனிஞ்சுட்டு நிக்கறான். அவன் மொகமும் செவந்து கெடக்குது. எனக்குப் பதறிப் போச்சு. வெயிலு, புழுக்கம், அத்தன நேரம் கால் கடுக்க நின்னா ஆருக்குத்தான் அழுகை வராது? கொழந்தைக ரெண்டும் அங்க துடிச்சுட்டு நிக்குதுக, பெத்தவ நான் பெஞ்சுல உக்காந்து வேடிக்கை பாக்கறதா?

நேரா வாசல்ல நிக்கற பொண்ணுகிட்டப் போயிட்டேன். யூனிபாரம் போட்ட சின்னப் பொண்ணு. பக்கவாட்டுல ஒரு கேட்டு இருக்குது, முடியாதவங்களை அந்த வழியா விடறாங்க, நான் பாத்துட்டேன். எம் மருமகளை அந்த வழியா விடும்மா, அவளால நிக்க முடியலைன்னு சொன்னேன். அது விதி, முறைன்னு என்னமோ சொல்லுச்சு. நான் விடுவனா? வகுத்துல இருந்த கொழந்தை போயி இன்னும் ஒடம்பு தேறாத பொண்ணும்மா, அங்க பாரு அழுகறா, நீயும் நாளைக்கு ஒரு ஊட்டுக்குப் போறவதானேன்னேன். அங்க எரைச்சலுங்க, எதுவும் காதுல விழாது, அதனால கொஞ்சம் சத்தமாத்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு. அந்தப் பொண்ணு பயந்துக்கிச்சு. அப்படின்னா இந்த ரைடுல ஏறவே கூடாதேங்குது. அதெல்லாம் போன வருசம், இப்ப நல்லாத்தான் இருக்கா, நிக்கத்தான் முடியலைன்னு சமாளிச்சேன். கடைசியில மனசு எறங்கி கேட்டைத் தொறந்துச்சு. தொறந்து, லைனைப் பாத்து, அந்தக் கொழந்தை தவறிப் போன அக்கா ஆருங்க, இப்படி வாங்கன்னு கூப்புட்டுச்சு.

மொத்த லைனும் திரும்பிப் பாத்துச்சு.

தாரணி இருந்த எடத்துலயே நிக்கறா. நான் கையைக் காட்டி வா வாங்கறேன். வரலை. அப்பறம் நானே கம்பிகிட்டப் போயிக் கூப்புட்டேன். அப்பவும் அவ எம் மொகத்தைப் பாக்கலை. நிதானமாத்தான் சொன்னா.

"அத்தை, நாங்க லைன்லயே நிக்கறோம். இன்னும் கொஞ்சம் நேரம்."

"போதும் கண்ணு, லைன்ல நின்னது போதும். நான் பேசிட்டேன், வா."

நவநீதன் என்னைப் பாத்து, வேண்டாம்மான்னு சொன்னான். அவனுக்குக் கூச்சம், சின்னதுல இருந்தே ஆருகிட்டயும் ஒரு உதவி கேக்க மாட்டான். அதுக்குள்ள பின்னால இருக்கறவங்கெல்லாம் பேச ஆரம்பிச்சுட்டாங்க. பாவம், போகட்டும் விடுங்கங்குது ஒரு அம்மா. எங்களுக்கும்தான் கால் வலிக்குதுங்கறான் ஒருத்தன். அவ கண்ணைத் தொடச்சுட்டு, அவன் தோள்ல இருந்த பையை வாங்கிட்டு, கம்பிக்கடியில குனிஞ்சு வெளிய வந்துட்டா. அவனும் வந்தான்.

அந்தப் பொண்ணு என்னையும் சேத்து உள்ள விட்டுருச்சு. தொணைக்கு ஆள் வேணும்னு நெனச்சுதோ என்னமோ. உள்ள மூணு சீட்டு ஒண்ணா இருந்துச்சு. நான் நடுவுல உக்காந்துக்கிட்டேன். பயமா இருந்தா ரெண்டு பக்கமும் புடிச்சுக்கலாமில்ல. கதவைச் சாத்தி, லைட்டை அமத்தி, எதுத்தாப்புல திரையில கடலைக் காட்டறான். நாக்காலி முன்னால சாயுது, பின்னால சாயுது, சுறா மீனு வர்றப்ப மூஞ்சில தண்ணியத் தெளிக்கறான். இதுதான் ரைடு. நம்ம டவுன் பஸ்ஸுல கடைசி சீட்டுல உக்காந்தா இதைக் காட்டிலும் எச்சாத் தூக்கிப் போடும். என்னைக் கேட்டா அதுக்கு ஒரு ஸ்டாரு கூடக் குடுக்க மாட்டேன். நான் ரெண்டு பேர் கையையும் புடிச்சுட்டுத்தான் இருந்தேன். தாரணி கை ஐஸுக்கட்டி மாதிரி இருந்துச்சு. உள்ள ஏசி அதிகம், நீங்க கொழந்தைகளுக்கு ஒரு துண்டு எடுத்துட்டுப் போங்க.

வெளிய வந்தோம். எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு பேரையும் கேட்டேன். நல்லாருந்துச்சுன்னா அவ. பெட்டியைத் தொறந்து போனை எடுத்தாங்க. கார்ல வர்றப்ப ஒரு வார்த்தை பேசலீங்க, ரெண்டு பேரும். எங்கூட்டுக்காரரும் பேசலை. நான்தான் பேசிட்டே வந்தேன்.

அடுத்த மாசமே அவ பல்லடத்துக்கு வந்துட்டா. சண்டையில்லை, சத்தமில்லை, மாத்தல் வாங்கிட்டு வந்துட்டா. இவங்கிட்ட நான் கேட்டேன், அந்த லைன்ல நின்னுட்டு அப்படி என்னதான்டா பேசுனீங்கன்னு. போனை எடுத்துக் கவுத்து வெச்சான். அப்பறம் சொன்னான்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில உள்ள என்ன நடந்துச்சுன்னு மொதத் தடவையாச் சொல்லிட்டிருந்தாம்மா. பாதி சொல்லியிருந்தா."

மீதியை அப்பறம் கேட்டுக்க வேண்டியதுதானேடான்னேன். கேட்டானாம். இனிமே வேண்டாம்னுட்டாளாம். என்ன பொண்ணுங்க இது? சொல்றதுன்னா கார்ல வர்றப்பச் சொல்லக் கூடாதா, ஊட்டுக்கு வந்து நிம்மதியா உக்காந்து சொல்லக் கூடாதா? ஆரு தடுத்தா? நான் அதுக்கப்பறம் யோசிச்சுப் பாத்தேன். அந்த லைன்ல அவ்வளவு நேரம் நிக்க விட்டதுதான் தப்பு. நிக்க நிக்க என்னென்னமோ பழசெல்லாம் நெனப்புக்கு வந்துருது. நான் இன்னும் முன்னாடியே போய்க் கேட்டிருக்கோணும். இதை எங்கூட்டுக்காரர்கிட்டச் சொன்னா, அவர் துண்டை ஒதறித் தோள்ல போட்டுட்டுத் தோட்டத்துக்குப் போயிடறார். இப்பெல்லாம் எதுக்கும் எதுத்துப் பேசறதே இல்லை.

இன்னைக்குக் கோர்ட்டுங்க. அதுக்குத்தான் போறேன். ரெண்டு பேரும் சேந்து பிரிஞ்சுக்கறோம்னு எழுதிக் குடுத்து, யோசிச்சுட்டு வாங்கன்னு விட்ட ஆறு மாசமும் முடிஞ்சு போச்சு. இன்னைக்கு ஜட்ஜு கேப்பார், சரின்னு சொல்லிட்டாங்கன்னா தீந்துது. அவன் பெங்களூர்ல இருந்து நேரா வந்துட்டான், அவ பல்லடத்துல இருந்து வந்துட்டா. காலையில அவன் போன் பண்ணுனான். நீ வர வேண்டாம்மாங்கறான். எங்க கேசு மத்தியானத்துக்கு மேலதான் வருமாம், ரொம்பக் கூட்டமா இருக்குது, போனையும் அமத்தி வெக்கச் சொல்லியிருக்காங்க, நாங்க இங்கதான் பெஞ்சுல உக்காந்திருக்கோம், அவசரமில்லைங்கறான். நாங்கங்கறான் பாருங்க. பிரியப் போற அன்னைக்கும் அப்படிச் சொல்ல வாய் கூசலை.

காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் ஒரே பெஞ்சுல மொகத்தை மொகத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தா, அது எத்தன பெரிய தண்டனை? ஆரு நெனைச்சுப் பாக்கறா? எங்க பெரியம்மா பேரன் ஒருத்தன் அங்க வக்கீலா இருக்கறான். அவனைப் புடிச்சேன். மொதல்ல முடியாதுன்னான். விடாமப் பேசினதுக்கப்பறம், நீங்க நேர்ல வாங்க அத்தை, பெரிய வக்கீல்கிட்டச் சொல்லி முன்னாடியே கூப்பிடச் சொல்றேன், வயசான தாயாரு காத்திருக்கறாங்கன்னு சொன்னா ஒத்துக்குவாங்கன்னான். அதான் அடிச்சுப் புடிச்சு ஓடறேன். நான் போயிட்டன்னா பத்து நிமிசத்துல முடிஞ்சுரும். பாவம், அவங்கவங்க வேலையைப் பாத்துட்டுப் போகலாம்.

இப்ப எதுக்கு நின்னுட்டான்? பாலம் வேலையா? முன்னால பாருங்க, கண்ணுக்கெட்டுன தூரத்துக்கு வண்டிதான் நிக்குது. இது இப்போதைக்கு நகராது. ஆட்டோக்காரன் சந்துல பூந்து போயிருவான்.

இந்தா, மறுபடியும் அவன்தான் கூப்புடறான். அமத்தி வெச்சிருந்ததை எடுத்துட்டு வெளிய வந்து பேசறான் போல. எதுக்கா இருக்கும்? எடுத்தா வராதம்மான்னுதான் சொல்லுவான். அங்க போயி நின்னுட்டுப் பேசிக்கலாம்.

காலைக் கொஞ்சம் நகத்திக்கங்க அம்மிணி. தம்பி, கண்டக்டர் தம்பி, கதவைத் தொறப்பா. நான் இங்கயே எறங்கிக்கறேன்.